முதல் பாகத்தை மறந்தவர்

எங்கள் கீழ்வீட்டு அக்காவோடு சினிமா பார்ப்பதைவிடப் பல் பிடுங்கிக்கொள்ளப் போகலாம். வாயைத் திறக்கக் கூடாது. போனைத் தொடக் கூடாது. முறுக்கு தின்பதென்றால்கூட அடிதடிக் காட்சி வரும்வரை அதை வாயிலேயே ஊறப்போட்டு வைத்திருக்க வேண்டும். படம் முடிந்து பெயர்களெல்லாம் ஓடி மறையும்வரை அவர் அசைய மாட்டார். யார் துணி தைத்தது, யார் சோறு போட்டது என்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவருக்குப் பிடித்தது ஒரே வகைப் படம். வானத்திலிருந்து ஏதாவது ஒன்று விழுந்து, ஆட்களைப் பிடித்துத் தின்ன வேண்டும். காசில்லாதவன் எடுத்த படமாக இருந்தால் இன்னும் விசேஷம். "துட்டு இருக்கறவன் பயமுறுத்துறது இன்னா பெரிய விஷயம்? இல்லாதவன் பயமுறுத்துறான் பாரு, அதான் வேலை" என்பார்.

அப்போது நாங்கள் சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி வீட்டில் ஐந்து பெண்கள் குடியிருந்தோம். ஐந்து பேரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒரகடம் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. அக்கா உள்ளூர்க்காரர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் லைனின் கடைசியில், லென்ஸ் பொருத்திய விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, வருகிற சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து அனுப்புகிற வேலை அவருக்கு. அவரிடம் டிவி இல்லை, எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார்.

ஒருநாள் ஏதோ ஒரு பூதப் படத்தின் இரண்டாம் பாகம் ஓடியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். முதல் பாகத்தில் பூதம் மூன்று மாடி உயரம் இருந்தது. இதில் வளர்ந்த கன்றுக்குட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அக்கா, இது அந்தப் பூதத்தோட பேரப்புள்ளையா?" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

அவர் படம் முடியும்வரை பதில் சொல்லவில்லை. முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முதல் பாகத்தை எங்க வெச்சிகினுகீற நீ?"

"எங்கேயும் வைக்கலையேக்கா."

"மண்டையில வெச்சிகினுகீற. அதக் கழட்டிக் கீழ வையி. இந்தப் படத்துல அந்தக் கெணத்தாண்ட பயம் வந்துச்சா, இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். "வந்துச்சு" என்றேன்.

"அவ்ளோதான் கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இது சினிமாவோடு நின்றிருந்தால் ஒரு கிறுக்கு என்று விட்டிருப்போம். அவருடைய பிழைப்பே இப்படித்தான் ஓடியது. லைனில் ஒரு போர்டைப் பார்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடுவார். ஒவ்வொரு போர்டுக்கும் மூடுவார். புதிதாக வந்த சூப்பர்வைசர் இதைக் கவனித்துவிட்டு, "என்ன மேடம், தூக்கமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். முன்னாடி போர்டை மறக்கறேன்."

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

"பத்து மோசமான போர்டு வரிசையா வந்துச்சினா, பதினொண்ணாவது சுமாரா இருந்தாக்கூட தங்கமாட்டம் தெரியும் சார். பத்து நல்லதா வந்துச்சினா, பதினொண்ணுல ஒரு தூசி இருந்தாக்கூட கண்ணை உறுத்தும். பாவம், அது இன்னா பண்ணும்?"

அவர் ரிஜெக்ட் என்று ஒதுக்கிய போர்டை யாரும் மறுபேச்சுப் பேசி வாங்கியதில்லை. அவர் ஓகே என்று அனுப்பியது ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அதனால் அவர் கண்ணை மூடிக்கொள்ள அந்த சூப்பர்வைசர் அனுமதி கொடுத்துவிட்டார். பெரிய மனசு.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஒரு கிருத்திகைக்கு எல்லாருமாகப் போயிருந்தோம். வரிசையில் நின்று வாங்கிய பொங்கலை வாயில் போட்டுவிட்டு, "போன தடவ மாதிரி இல்ல" என்று நான் உச்சுக் கொட்டினேன். "போன தடவை பொங்கலை இப்ப நான் எங்க போய்த் தேடுவேன்? இதுல உப்பு கம்மி. நெய் கரெக்டு" என்றார். சாமி பிரசாதத்துக்கே இந்தக் கதி.

அவருக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்ததும் எங்களுக்குத் தெரியும். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. முன்னால் என்ன நடந்தது, ஏன் தனியாக இருந்தார் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மனைவியை இழந்த ஒருவர் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அக்கா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கண் கலங்க, "அப்படியே என் மொத சம்சாரம் கைப்பக்குவம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அக்கா அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"ஏங்க்கா? நல்லாத்தானே சொன்னாரு?"

"கொழம்பு நல்லா கீதுன்னு சொல்லியிருந்தா ஒத்துகினு இருப்பேன்" என்றார். அன்று ராத்திரி எங்கள் மாடிக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. ஆனால் அந்த மனிதரை நினைத்து எனக்கு வருத்தமாகவும் இருந்தது. இவ்வளவு கறாராக இருந்தால் மனுஷன் எப்படி வாழ்வது என்று தோன்றியது.

அந்தக் கறாரின் அருமை எனக்குத் தெரிய வந்தது நான் லைனில் பண்ணிய ஒரு கூத்தில். அக்கா லீவு போட்ட ஒரு நாள் என்னை அவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். காலையில் ஒரு மாடல் ஓடியது, மத்தியானம் வேறு மாடலுக்கு மாற்றினார்கள். மாடல் மாறினால் மேசைமேல் இருக்கிற மாஸ்டர் சாம்பிளையும் மாற்ற வேண்டும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக வைத்திருக்கிற போர்டு அது. நான் மாற்றவில்லை. பழைய மாடலின் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புது மாடல் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் சரியாக இருக்குமா? இந்த இடத்தில் ஒன்று குறைகிறது, அந்த இடத்தில் ஒன்று கூடுகிறது என்று சிவப்பு ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளினேன். கவனமாக வேலை பார்க்கிறேன் என்ற பெருமிதம் வேறு. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் மூன்று டிரே நிறைய நல்ல போர்டுகள்.

மறுநாள் அக்கா வந்து அந்த மூன்று டிரேயையும் திரும்பச் சோதித்து, ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுத்தார். என்னைத் திட்டவில்லை. "போர்டு மேல தப்பில்ல. நீ வேற ஒண்ணைப் பாத்துகினு இத்தைப் பாத்த" என்று மட்டும் சொன்னார். மறுபடி லீவு போட்டபோது அந்த இடத்துக்கு என் பெயரைத்தான் சொன்னார். அதற்குள் மறந்துவிட்டாரா என்று எனக்கு ஆச்சரியம்.

இனி மாரீஸ்வரியின் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லக் கூசுகிற விஷயம்தான்.

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தியான மாரீஸ்வரிக்கும் எனக்கும் ஒரே ஊர், விளாத்திகுளம் பக்கம். ஒரே பஸ்ஸில் ஏறி வந்தோம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே பாயில் படுத்தோம். ஒரகடத்தில் காலியாகக் கிடந்த ஒரு பெரிய குடோனில் ஒரு சினிமாக் கம்பெனி படம்பிடிக்க வந்தது. கூட்டத்தில் நிற்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். ஒரு லீவு நாளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். டைரக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அவளை முன்னால் வரச் சொன்னார். என்னைக் கூட்டத்தோடு போகச் சொன்னார். முகம் நீளமாம்.

அது முன்னால் சக்கைப்போடு போட்ட ஒரு படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் பெரிய கதாநாயகி, வெளிநாட்டில் எடுத்த விண்கலம், கடலைப் பிளந்து வரும் பூதம். இதில் பேர் மட்டும்தான் மிச்சம். அந்தப் பூதத்தின் முட்டை ஒரு கன்டெய்னரில் வந்து குடோனுக்குள் பொரித்துவிடுகிறது என்று ஒரு கதை. பெரிய கதாநாயகி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், குடோனில் கணக்கெழுதுகிற பெண் ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினார்கள். அவள்தான் மாரீஸ்வரி. வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் அறை எடுத்துப் போய்விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

படம் வெளிவந்த வாரம் அவர்களே விளம்பரத்துக்காகப் போனில் ஒரு துண்டுக் காட்சியை விட்டிருந்தார்கள். மாரீஸ்வரி தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, போட்டிருக்கிற கோட்டின் பொத்தான்களைப் பிய்த்துக் கழற்றுகிறாள். அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு நொடி. நான் அதை எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "நம்ம ஊர்ப் புள்ள எப்படி முன்னேறியிருக்கு பாருங்க" என்று ஒரு வரியும் எழுதினேன். சிரிப்பதற்காகத்தான் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, மாரீஸ்வரியின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள்பை, அதில் எங்களுக்கென்று காராச்சேவு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் கால் வீங்கியிருந்தது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"அவ போன எடுக்க மாட்டேங்கா. அவுக அப்பா, பங்குனிப் பொங்கலுக்கு அவ ஊருக்குள்ள கால் வச்சா மருந்தக் குடிச்சிருவேங்காரு. ஊரே அந்தத் துண்ட வச்சுப் பாத்துச் சிரிக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பேசல. பாக்காம என்னத்தப் பேச? இங்க பொய்யே பேசாத அக்கா ஒருத்தி இருக்கான்னு மாரி சொல்லுவா. அவள எங்க?"

நான் கீழ்வீட்டைக் காட்டினேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம், "அது குப்பப் படம் அத்தை, முதல் பாகம் பாத்தீங்கன்னா தெரியும்", "அந்த ஹீரோயின் எங்க, இவ எங்க" என்று கொட்டினார்கள். யாரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை.

"நானும் இன்னும் பாக்கலமா. நாளைக்கு லீவு. ரெண்டு பேரும் போலாம்" என்றார் அக்கா. பிறகு தண்ணீர் எடுக்கிற சாக்கில் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அந்தத் துண்டை ஊருக்கு அனுப்பினது நீதானே?"

அவரிடம் பொய் சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. "ஆமாக்கா" என்றேன்.

"படம் பாத்தியா?"

"இல்லக்கா."

"நாளைக்கு நீயும் வா."

ஸ்ரீபெரும்புதூரில் காலைக் காட்சி. வியாழக்கிழமையோடு தூக்கிவிடுவார்கள் என்று டிக்கெட் கொடுத்தவரே சொன்னார். உள்ளே எங்களோடு சேர்த்துப் பதினைந்து பேர் இருக்கலாம். எங்களுக்குப் பின்வரிசையில் கம்பெனிச் சட்டையோடு நான்கைந்து பையன்கள். விளக்கு அணைவதற்கு முன் அக்கா அத்தையின் பக்கம் குனிந்தார்.

"கண்ணை மூடக் கூடாதுமா. மூடிகினா அப்பால ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி தாயி."

படத்தைப் பற்றி என்ன சொல்ல? பூதத்தின் முதுகில் ஜிப்பு தெரிந்தது. ஆட்கள் வாயை மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தது. பின்வரிசைப் பையன்கள், "யோவ், பழைய ஹீரோயினக் கூட்டியாங்கய்யா" என்று கத்தினார்கள். அத்தை உள்ளங்கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டு இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். பெயர் போடும்போது மட்டும், "பேர மாத்திப்புட்டாளே" என்று முணுமுணுத்தார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. பூதம் தன் எச்சிலை யார்மேல் துப்புகிறதோ, அந்த எச்சில் கரையான் புற்றுப்போல வளர்ந்து ஆளை மூடிவிடும். மாரீஸ்வரியின் கோட்டில் பட்டுவிடுகிறது. பக்கத்து அறையில் ஆறு பேர் ஒளிந்திருக்கிறார்கள், அந்த அறைக்குப் போகிற ஓட்டை வழியாகப் பூதம் நுழையப்போகிறது. ஓடிப்போனால் அவள் தப்பிக்கலாம். அவள் ஓடவில்லை. பொத்தானைப் பிய்த்துக் கோட்டைக் கழற்றி, புற்று வளர்கிற அந்தத் துணியையே ஓட்டைக்குள் திணித்து, வெறும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கோட்டுக்குள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு நொடியில் அது தெரியாது. புற்று துணியிலிருந்து அவள் விரலுக்கு ஏறுகிறது. அவள் கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. பின்னால், மேலேயிருந்து, இன்னொரு பூதம் இறங்குகிறது.

அத்தை எழுந்துவிட்டார்.

"ஏட்டி மாரி! பின்னாடி பாருட்டி! பின்னாடி!"

தியேட்டர் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு நிறுத்திவிட்டான். அக்கா அத்தையின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். திரையிலிருந்து பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

கடைசிப் பெயர் ஓடி முடிந்த பிறகுதான் வெளியே வந்தோம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை கேட்டார்.

"சொல்லு தாயி."

அக்கா டீயைக் கீழே வைத்தார். "படம் பாஸ் ஆவாதுமா. பூதத்துக்கு ஜிப்பு தெரியுது. சவுண்டு ஒட்டல. கடைசி அரை மணி சும்மா இழுத்துகினே போறாங்க. ஷட்டர் மூடுற சீன் நல்லா கீது, குடோன் ஷட்டருன்னு தெரிஞ்சும் பயந்துட்டேன்."

"எம் மவ?"

"ரெண்டு எடத்துல கேமராவைப் பாத்துட்டா. அந்த ஆளு செத்தப்ப அழுவுறா பாரு, அது பொய் அழுகை. ஒத்துக்க முடியாது." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அந்தக் கோட்டு சீன்ல ஒரு கொறையும் எனக்கு ஆப்படல. நானும் தேடித் தேடிப் பாத்தேன்."

"தப்பா இல்லையே தாயி? ஆம்பளைங்க வேற மாதிரிப் பாக்குற மாதிரி..."

"பின்னாடி அந்தப் பசங்களைத் திரும்பிப் பாத்தேன். மொதல்லேந்து கத்திகினே இருந்தானுங்க. அந்த சீன்ல ஒருத்தனும் வாயைத் தொறக்கல."

அத்தை நீளமாக மூச்சுவிட்டார். "அப்ப அவள வீட்டுக்குள்ள விடலாங்கியா?"

"அது நான் சொல்லக் கூடாதுமா. நான் படம் பாக்க வந்தேன். வூடு உன்னுது."

அத்தை டீயைக் குடித்து முடித்தார். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தபோது, தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு அத்தை கேட்டார்.

"அந்தத் துண்ட ஊருக்கு அனுப்புனது யாருன்னு ஒனக்குத் தெரியுமா தாயி? குரூப்புல வந்துச்சுங்காங்க. எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா ஒரு பொய் சொல்ல மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

"தெரியும்மா" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை. "அனுப்பினவளே சொல்வா. சொல்லலன்னா நான் சொல்றேன்."

"நாந்தான் அத்தை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். சின்ன வயதில் மாரீஸ்வரியோடு சேர்த்து எனக்கும் ஊட்டிவிட்ட கை அவருடையது. அதை ஓங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் அக்காவிடம் திரும்பினார்.

"இவ எப்படிப்பட்ட புள்ள தாயி? நீயே சொல்லு."

அக்கா இப்போது என்னைப் பார்த்தார். லென்ஸுக்கு அடியில் கிடக்கிற போர்டுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"கை வேகம். அவசரம் ஜாஸ்தி. பொறாமை கீது, மறைக்கத் தெரியல. போன வருசம் நான் ஜொரத்துல கெடந்தப்ப மூணு நாளு கஞ்சி வெச்சி ஊட்டினா. இத்தையும் இவதான் பண்ணா. ரெண்டும் இவதான்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. எந்த ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். அந்தக் கஞ்சியைச் சொன்னதும் அழுதுவிட்டேன்.

அத்தை சற்று நேரம் என்னை அழவிட்டார். பிறகு, "போதும். அவளுக்குப் போனப் போடு. மொதல்ல நீ பேசு, அப்புறம் நான் பேசுதேன்" என்றார்.

என் போனிலிருந்து அடித்தால் எடுக்க மாட்டாள் என்று அக்கா தன் போனிலிருந்து அடித்துக் கொடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா! படம் பாத்தீங்களா?"

"மாரி, நாந்தான். அந்தக் குரூப்ல போட்டது..."

"தெரியும்டி" என்றாள். "அந்தக் குரூப்ல நானும் இருக்கேன்ல. போட்ட ஒடனே மொதல்ல பாத்தது நாந்தான்."

அதை நான் யோசிக்கவே இல்லை. ஊரே சிரிக்கட்டும் என்று போட்டவளுக்கு, அந்த ஊரில் அவளும் ஒருத்தி என்பது மறந்துபோயிருக்கிறது. மூன்று நாளாக ஒருவர் பாக்கியில்லாமல் எழுதியதை எல்லாம் அவள் படித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"படம் பாத்தியா?" என்றாள்.

"இப்பத்தான் பாத்துட்டு வாரோம்."

"எப்படி இருந்தேன்?"

அக்கா பக்கத்தில் நின்றார். அவர் நின்றிராவிட்டாலும் அன்றைக்கு என்னால் வேறு மாதிரிச் சொல்லியிருக்க முடியாது.

"அந்த அழுகை பொய்யி. கேமராவப் பாத்துட்ட, ரெண்டு எடத்துல. ஆனா அந்த ஓட்டைய அடச்சுட்டு நின்ன பாரு..." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அது நீன்னே மறந்துட்டேன்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் என்று தெரிந்தது. இந்தத் தடவை அது பொய் அழுகை இல்லை. அதற்குள் அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏட்டி, பொங்கலுக்கு வெள்ளனவே வந்துரு. ஒங்கப்பன் குதிச்சா குதிக்கட்டும், நான் பேசிக்கிடுதேன். அந்தாளு பன்னெண்டு நொடிதான் பாத்துருக்காரு. நான் முழுசாப் பாத்துருக்கேன்."